வேலைவாய்ப்பு முகாமில் வேளாண் துறைக்கு ஒரு மேசை: வேலூர்ப் பகுதியில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கல்லூரி மைதானத்தில் வேலைவாய்ப்பு முகாம் நடந்துகொண்டே இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணி நிறுவனங்கள், வங்கிகள், மருத்துவமனைகள், சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகள் எனப் பந்தல் நிறைந்திருக்கும். அதன் நடுவே அரசு வேளாண் பணிகளைப் பற்றிச் சொல்ல ஒரு மேசை போடும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் புதிதாகச் சேர்ந்த வேளாண்மை அலுவலராக இருக்கலாம், கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவின் ஆசிரியராக இருக்கலாம், ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தன்னார்வலராகவும் இருக்கலாம். இத்தகைய மேசைகளில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எதைத் தர முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் தனியார் நிறுவனம் அன்று மாலையே பணி ஆணையைக் கையில் கொடுத்துவிடும். உங்களால் அது முடியாது. தமிழக அரசின் வேளாண் பணியிடங்கள் அறிவிக்கை, எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்ற வழியில்தான் நிரப்பப்படும். முகாமில் யாரையும் வேலைக்கு எடுக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. இதைப் பலகையிலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: ‘இங்கே வேலை தரப்படாது, வேலைக்கான வழி சொல்லப்படும். யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.’

அந்தக் கடைசி வரி மிகவும் முக்கியம். அரசு வேலை வாங்கித் தருகிறேன் என்று இடைத்தரகர்கள் சுற்றாத முகாம் குறைவு. நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டு ஏமாந்த குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. உங்கள் மேசைக்கு வந்த ஒரு தாய் அந்த எச்சரிக்கையை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டு போனாலும் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள்.

வேலை தர முடியாத மேசை எதற்கு என்று கேட்கலாம். வேளாண் துறையில் அரசு வேலை என்றொரு வழி இருப்பதே தெரியாத பிள்ளைகள் இன்னும் ஏராளம். தெரிந்த வீடுகளின் பிள்ளைகள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். தெரியாத வீட்டுப் பிள்ளையை அந்த வழியின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, முதல் சில அடிகள் கூடவே நடப்பதுதான் இந்த மேசையின் வேலை. முகாம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே.

யார் வரவில்லை என்று முதலில் பாருங்கள்

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஒரு தாளை எடுத்து, உங்கள் மேசைக்கு இயல்பாக யாரெல்லாம் வருவார்கள் என்று எழுதுங்கள். நகரத்துக் கல்லூரி மாணவர்கள், சொந்த நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள், அண்ணனோ மாமாவோ அரசு வேலையில் இருப்பவர்கள். பெரும்பாலும் ஆண்கள். அடுத்து, வராதவர்கள் யார் என்று எழுதுங்கள். அதுதான் உண்மையான வேலைத் திட்டம்.

ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலைத் தொடரில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். காலை பத்து மணி முகாமுக்கு மலையிலிருந்து இறங்கி வருவது எளிதான காரியம் அல்ல. ஏரிக்கரைகளிலும் ஊர் ஓரங்களிலும் இருக்கும் இருளர் குடியிருப்புகளுக்கு அறிவிப்பே போய்ச் சேர்ந்திருக்காது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களின் இஸ்லாமியப் பெண்கள், இது தங்களுக்கான துறை இல்லை என்றே நினைத்திருப்பார்கள். நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் பட்டியல் சாதியினர், வேளாண்மை என்ற சொல்லைக் கேட்டதும் விலகிப் போவார்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி எல்லைப் பக்கத்துத் தெலுங்கு பேசும் வீடுகள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் என்று பட்டியல் நீளும்.

இவர்களை ஏன் தேடிப் போகவேண்டும்? இட ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பவேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட அடிப்படையான காரணம் இந்தத் துறையின் வேலையிலேயே இருக்கிறது. வேளாண் விரிவாக்கம், அதாவது புதிய முறைகளையும் திட்டங்களையும் விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பது, பாதிக்கு மேல் பேச்சுதான். கழனியில் களை எடுப்பதும் நாற்று நடுவதும் பெரும்பாலும் பெண்கள், திட்ட விவரமோ பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் போகிறது. பெண் அலுவலர் ஒருவர் வரப்பில் வந்து நின்றால் அந்தப் பெண்கள் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். மலைச் சரிவில் சாமை விதைக்கும் விவசாயியிடம், தாமே சாமை அறுத்து வளர்ந்த ஒருவர் பேசுவதற்கும், புத்தகத்தில் மட்டும் படித்தவர் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பட்டியல் தயாரானதும் அந்தந்த இடத்துக்கு நேரில் போங்கள். உண்டு உறைவிடப் பள்ளித் தலைமை ஆசிரியர், ஜமாஅத் நிர்வாகி, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, ஊராட்சிச் செயலர் ஆகியோரிடம் போய் நேரில் பேசினால்தான் ஆள் வரும். சுவரொட்டி ஒட்டிவிட்டுக் காத்திருந்தால், முன்பே வரக்கூடியவர்கள்தான் வருவார்கள். மலையிலிருந்து வருவோருக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்ய முடிந்தால், அச்சடித்த துண்டுப் பிரசுரங்களில் பாதியைக் குறைத்துவிட்டு அதற்குச் செலவிடுங்கள்.

பணிகளின் படிக்கட்டை நீங்கள் முதலில் மனப்பாடம் செய்யுங்கள்

மேசைக்கு வருபவர் கேட்கும் முதல் கேள்வி: ‘என்ன படித்தால் என்ன வேலை?’ தடுமாறினால் போச்சு. ஒரு வட்டார அலுவலகத்தை எடுத்துக்கொண்டு விளக்குவது எளிது. வேலூர் மாவட்டத்தில் வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என ஏழு வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் வேளாண்மை உதவி இயக்குநர் தலைமையில் வேளாண்மை அலுவலர், துணை வேளாண்மை அலுவலர், உதவி வேளாண்மை அலுவலர் என்று ஆட்கள் இருப்பார்கள்.

உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு, 12ஆம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பு போதும். தோட்டக்கலைப் பட்டயம் படித்தால் உதவி தோட்டக்கலை அலுவலர். வேளாண்மை அலுவலர் பணிக்குப் பி.எஸ்சி. வேளாண்மை. எல்லாமே டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாகத்தான். ஏழை வீட்டுப் பிள்ளையிடம் பட்டயப் படிப்பை முதலில் சொல்லுங்கள். இரண்டே ஆண்டில் முடியும், செலவு குறைவு, வேலைக்கான தகுதியும் கிடைத்துவிடும். பட்டப் படிப்பைப் பற்றி மட்டுமே பேசிப் பேசி இந்த வழியை நாம் மறைத்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இவற்றைத் தவிர வேளாண் பொறியியல் துறை, விதைச் சான்றளிப்பு, வேளாண் விற்பனை, பட்டு வளர்ச்சி, கால்நடை பராமரிப்பு, மீன்வளம் என்று கிளைகள் இருக்கின்றன. பொறியியல் படித்தவர்களுக்கு வேளாண் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் பணி உண்டு. கால்நடை மருத்துவம் படித்தவருக்குக் கால்நடை உதவி மருத்துவர். வேளாண்மையே படிக்காத கலைக் கல்லூரி மாணவர் வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் உதவியாளர் பணிக்கு, ஏதாவது ஒரு பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சி இருந்தால் மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்தும் தேர்வை எழுதலாம். குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளராகத் தேர்வாகி வேளாண்மைத் துறை அலுவலகத்துக்கே வருபவர்களும் இருக்கிறார்கள்.

மத்திய அரசுப் பக்கம் இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றம், அதற்கு விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம், நபார்டு வங்கி, இந்திய உணவுக் கழகம் ஆகியவை முக்கியமானவை. பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு இருக்கிறது. இந்திய வனப்பணித் தேர்வுக்கும் வேளாண் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், இது பலருக்கும் தெரியாத செய்தி. விவசாயிகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது 1974இல் புதுச்சேரியில், நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நமக்குரிய நிலையம் விரிஞ்சிபுரத்தில் இருக்கிறது.

தனியார் வேளாண் கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோர் கண்டிப்பாகக் கேட்பார்கள். எந்தக் கல்லூரியையும் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சரிபார்க்கச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால், பின்னாளில் மேற்படிப்புக்குப் போகும்போது அது கழுத்தைப் பிடிக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவர்களை அழைக்காமல் முகாம் நடத்தாதீர்கள்

கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்காகத்தான் முகாம் என்பது பொதுவான எண்ணம். வேளாண் துறைக்கு இது பொருந்தாது. 11ஆம் வகுப்பில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதில்தான் கதவு திறக்கிறது அல்லது மூடுகிறது. வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்ட பிள்ளை, பின்னர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பி.எஸ்சி. வேளாண்மைக்கு விண்ணப்பிக்க முடியாது. உயிரியல் உள்ள அறிவியல் பிரிவு அல்லது தொழிற்கல்வியில் வேளாண் அறிவியல் பிரிவு வேண்டும். தொழிற்கல்விப் பிரிவு என்றால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது என்ற ஏளனம் ஊரில் இருக்கிறது. அந்தப் பிரிவு மாணவர்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உண்டு என்பதை அந்தப் பள்ளிகளிலேயே எல்லோரும் அறிந்திருப்பதில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு செய்தியை அழுத்தமாகச் சொல்லவேண்டும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு கிடைக்கும். அந்த இடங்களில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையின் பள்ளிகளும் இதில் அரசுப் பள்ளிகளாகவே கருதப்படுகின்றன. மலை மேல் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது எத்தனை பெரிய வாசல் என்று எண்ணிப் பாருங்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘படிக்க வைக்க வசதியில்லை’ என்ற பேச்சுக்கு இவை நேரடியான பதில்.

சான்றிதழ்: இங்கேதான் பெரும்பாலும் அறுந்துபோகிறது

மதிப்பெண் இருந்தும், ஆசை இருந்தும், ஒரு காகிதம் இல்லாததால் வாய்ப்பை இழந்த பிள்ளைகளைப் பார்ப்பதைவிடக் கொடுமை வேறில்லை. இந்தப் பகுதியை நீங்கள் அவசரப்பட்டுக் கடந்துவிடக் கூடாது.

சாதிச் சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே அலுவலகத்தில் கிடைப்பதில்லை. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழங்குடிச் சான்றிதழுக்கு விசாரணை, உறவினர் சான்றிதழ், பழைய ஆவணம் என்று நேரம் பிடிக்கும். பெற்றோருக்கே சான்றிதழ் இல்லாத வீடுகளில் அலைச்சல் இன்னும் கூடும். பழங்குடியினர் பட்டியலில் மலையாளிகள் மாவட்ட வாரியாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த மாவட்டப் பெயர்களில், நம் பகுதியை உள்ளடக்கியிருந்த பழைய வட ஆர்க்காடும் ஒன்று. எனவே குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதற்கான ஆதாரத்தைத் தாத்தா காலத்திலிருந்து தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிட்டால் பதற்றம் இல்லை. சேர்க்கைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓடினால் கிடைக்காது.

மாநில அரசின் நேரடி நியமனங்களில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1 என்பது சதவீதக் கணக்கு. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு 30 சதவீதம். மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் உண்டு. எந்தப் பணிக்கு எந்தக் குறைபாடு உடையவர்கள் தகுதியானவர்கள் என்பதை அந்தந்த அறிவிக்கையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். கள வேலை என்று நீங்களாகவே எண்ணிக்கொண்டு, ஊன்றுகோலோடு வந்த ஒரு தம்பியிடம் இது உனக்குச் சரிவராது என்று ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். இஸ்லாமியப் பெண்ணுக்கு அவருடைய பிரிவின் ஒதுக்கீட்டையும் அதற்குள் பெண்களுக்கான பங்கையும் சேர்த்து விளக்குங்கள். இரண்டும் அவருக்கு உண்டு என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் செய்யவேண்டிய நிரந்தரப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகள் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று முறை விலக்கு. பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். ‘சு’வும் ‘சூ’வும் மாறியதற்காகச் சரிபார்ப்பில் கலங்கி நின்றவர்கள் உண்டு.

மேசையின் மேல் என்ன வைக்கலாம்

வண்ணப் படங்களும் ‘உழவே தலை’ வாசகங்களும் குறைவாகவே போதும். கையில் எடுத்துப் பார்க்கக் கூடியதை வையுங்கள். என் அனுபவத்தில் கூட்டத்தை நிறுத்துவது பூச்சி அரித்த கத்தரிக்காய்தான்.

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வேலூர் முழுவதும் அறியும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. டோல்கேட் உழவர் சந்தையில் காலையில் வாங்கிய நல்ல காய்கள் சிலவற்றை ஒரு தட்டில் வையுங்கள். விவசாயி ஒதுக்கிப் போட்ட சொத்தைக் காய்களைப் பக்கத்துத் தட்டில் வையுங்கள். காம்புக்கு அருகே குண்டூசித் தலை அளவு துளை, அதன் வாயில் பழுப்பு நிறக் கழிவு. காயை இரண்டாகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு நெளியும். தண்டு மற்றும் காய்த் துளைப்பான். ‘இந்தத் தோட்டக்காரர் உன்னிடம் வருகிறார், என்ன சொல்வாய்?’ என்று மாணவரிடம் கேளுங்கள்.

ஒரு முறை கூலி வேலை செய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி, தயங்கித் தயங்கி, ‘நுனி வாடித் தொங்கும் தண்டைக் கிள்ளி எடுத்துவிடவேண்டும் சார், இல்லையென்றால் காய்க்குப் பரவிவிடும், அம்மா அப்படித்தான் செய்வார்கள்’ என்றாள். அருகில் நின்ற கல்லூரி மாணவர்கள் மருந்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகம் சொல்லும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையின் முதல் அடியே அவள் சொன்னதுதான். அடுத்தது ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, அதற்குப் பிறகுதான் மருந்து. ‘பாப்பா, உதவி வேளாண்மை அலுவலர் செய்யும் வேலையே இதுதான். இதில் பாதி உனக்குத் தெரிந்திருக்கிறது’ என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். தன் வீட்டில் உள்ள அறிவுக்கு ஒரு பதவியும் சம்பளமும் உண்டு என்று தெரியும் கணம் அது. அதை உருவாக்கத்தான் மேசை.

பருவத்துக்கு ஏற்றபடி நிலக்கடலைச் செடி, மலைச் சாமைக் கதிர், மண் பரிசோதனைப் பெட்டி எதுவானாலும் வைக்கலாம். ஒரு பக்கத் தாளில் பணிகளின் படிக்கட்டு, இன்னொரு பக்கத்தில் சான்றிதழ்களின் பட்டியல். அவ்வளவு போதும்.

பெற்றோரிடம் பேசும்போது

முன்பு சொன்ன விலகலுக்கு வருகிறேன். கூலிக்குப் போகும் வீட்டில் பெற்றோர் பிள்ளையைப் படிக்க வைப்பதே கழனியிலிருந்து மீட்பதற்குத்தான். வேளாண்மை என்று நீங்கள் வாயெடுத்ததும், ‘நாங்கள் பட்டது போதும் சார், பிள்ளையும் வெயிலில் நிற்கவேண்டுமா?’ என்பார்கள். அந்தக் கேள்வியில் தலைமுறைகளின் வலி இருக்கிறது. உழவின் பெருமை பேசி அதை அடைக்காதீர்கள். நிலம் இல்லாதவருக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடைத்ததில்லை. ‘அம்மா, உங்கள் பிள்ளை கூலிக்குப் போகமாட்டாள். நிலம் வைத்திருப்பவர்கள் அவளிடம் யோசனை கேட்க வருவார்கள். அரசுச் சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு எல்லாம் உண்டு’ என்று நேராகச் சொல்லுங்கள். அதே சமூகத்திலிருந்து அலுவலராக ஆன ஒருவரை அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைக்க முடிந்தால் நீங்கள் பேசவே தேவையில்லை.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது பாதுகாப்பைப் பற்றி. ‘தனியாக வண்டியில் ஊர் ஊராகப் போகவேண்டுமா?’ ஆம், போகவேண்டும். மறைக்காதீர்கள். மேசையில் பெண் அலுவலர் ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது இதற்காகத்தான். காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எங்கே வண்டியை நிறுத்துகிறார், மாலை எப்போது வீடு திரும்புகிறார், பிரசவ விடுப்பில் என்ன செய்தார் என்பதை அவர் வாயால் கேட்டால் தாய்மார்களின் முகம் தெளியும்.

வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்து முகாம்களில் உருது பேசும் ஒருவர் உங்களுடன் இருப்பது நல்லது. உருது, தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் தமிழ்த் தகுதித் தாள் பெரிய பயம். அது பத்தாம் வகுப்புத் தரத்தில் இருக்கும், 40 சதவீதம் எடுத்தால் போதும் என்று விளக்கி, பழைய வினாத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தில் பெரும்பகுதி அங்கேயே கரையும். ஆனால் 40 எடுக்காவிட்டால் மற்ற தாள் திருத்தப்படாது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

முகாம் வெள்ளிக்கிழமை என்றால், ஜும்ஆத் தொழுகை முடிந்து வருபவர்களுக்காக மாலை வரை மேசையைக் கலைக்காதீர்கள். மூன்று மணிக்கே பதாகையைச் சுருட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கூலி வேலையில் அரை நாள் முடித்துவிட்டு ஓடி வருபவர்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

முகாம் முடிந்த மறுநாள்

பதிவேட்டில் பெயர், வகுப்பு, ஊர், தொலைபேசி எண், அடுத்து செய்யவேண்டிய ஒரு வேலை ஆகிய ஐந்து மட்டும் போதும். ஆதார் எண்ணையோ சான்றிதழ் நகலையோ வாங்காதீர்கள், அதைக் காப்பாற்றும் ஏற்பாடு உங்களிடம் இல்லை. எண் பெரும்பாலும் அப்பாவுடையதாக இருக்கும். அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

‘அடுத்து செய்யவேண்டிய ஒரு வேலை’ என்ற கட்டம்தான் பதிவேட்டின் உயிர். ஒருவருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், இன்னொருவருக்கு 11ஆம் வகுப்பில் பிரிவு மாற்றம், மூன்றாமவருக்கு நிரந்தரப் பதிவு. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு அது முடிந்ததா என்று மட்டும் கேளுங்கள். முடியவில்லை என்றால் எங்கே நின்றது என்று கேட்டு, அந்த அலுவலகத்துக்குக் கூடப் போங்கள்.

ஒரு நாள் எல்லோரையும் விரிஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும் விதமே வேறு. சற்றுத் தொலைவு போக முடிந்தால் திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரில் அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. வேளாண்மை படிக்கக் கோயம்புத்தூர் வரை அனுப்பவேண்டுமே என்று கலங்கும் பெற்றோருக்கு அதைக் காட்டுவது பெரிய ஆறுதல்.

தேர்வுக்குத் தயாராகும் நிலையில் இருப்பவர்களை மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தோடு இணைத்துவிடுங்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டத்தின் இலவசப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. வேளாண் பாடப் பகுதிக்கு மட்டும், ஏற்கெனவே தேர்வாகி அருகில் பணியில் இருக்கும் இளம் அலுவலர் ஒருவரை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

கடைசியாக நாட்காட்டி. மேல்நிலைத் தேர்வு முடிவுகள் பொதுவாக மே மாதத்தில் வருகின்றன, வேளாண் சேர்க்கை விண்ணப்பமும் அதையொட்டித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். ஜனவரி கிராம சபையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, பத்தாம் வகுப்புப் பெற்றோரிடம் பிரிவுத் தேர்வையும் சான்றிதழையும் பற்றிப் பேசுங்கள். மே 1 அன்று அதே ஊருக்குத் திரும்பப் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் விண்ணப்பத்துக்கு என்ன தேவை என்று கேளுங்கள். முகாம் அதற்கு நடுவில், பிப்ரவரி தொடக்கத்துக்குள் முடிந்துவிடுவது நல்லது. மார்ச்சில் பொதுத் தேர்வு தொடங்கிவிடும், அப்போது எந்தப் பள்ளியும் பிள்ளைகளை வெளியே அனுப்பாது.